நாலாவது தம்ளர்

தண்ணீர் விழுந்ததும் நாலாவது தம்ளரில் மட்டும் கறுப்பாக ஒரு நூல் கீழே இறங்கியதை ஜெயக்கொடி பார்த்துவிட்டாள். அட மாரியாத்தா. மற்ற நாலு கண்ணாடித் தம்ளரிலும் தூள் அத்தனையும் மேலே போய் ஆடை கட்டி நிற்கிறது, அடியில் தண்ணீர் தேன் நிறத்தில் தெளிந்து கிடக்கிறது, இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து ஜன்னல் தெரிகிறது. இது ஒன்றில்தான் என்னவோ முங்கிப்போய் அடியில் உட்கார்ந்துகொண்டு கரைந்து கரைந்து தண்ணீரையே கறுக்க அடிக்கிறது. சிக்கரி. யோசிக்கவே வேண்டாம், சிக்கரியேதான். காப்பித்தூள் மிதக்கும், சிக்கரி முங்கும். பஸ் நிற்கிற முக்கில் இருபத்திரண்டு வருஷமாகக் காப்பிக்கடை வைத்திருக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதை யார் சொல்லித் தரணும்? அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். வாசல்நிலையில் சாய்ந்தபடி தவமணி நிற்கிறார், கட்டின புருஷன், இன்றைக்கென்று கடையை அடைத்துவிட்டுச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி. கூரையில் என்ன இருக்கிறது? ஒட்டடை இருக்கிறது. போன வாரமே அடியுங்கள் என்று அவள் சொன்ன ஒட்டடை. மேசைக்கு அந்தப் பக்கம், காப்பிக்கொட்டை வாங்க வந்திருக்கிற ரெபேக்கா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனில் நாலு நிமிஷத்தை ஓடவிட்டாள். மூன்று ஐம்பத்தொன்பது. மூன்று ஐம்பத்தெட்டு. இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அதுதான் சட்டம். நேற்றுச் சாயங்காலம் சென்னையிலிருந்து வந்து இறங்கினதுமே அந்தப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். சின்னப் பெண், முப்பது இருந்தால் அதிகம், ஆனால் பேச்சில் பிசிறே இல்லை. கூடவே கொண்டுவந்த குட்டி மெஷினில் ஒரு பிடி கொட்டையைப் போட்டு வறுத்தாள், பொரி பொரிகிற மாதிரி முதல் சத்தம் கேட்டதோ இல்லையோ அணைத்துவிட்டாள். இவ்வளவுதானா என்று ஜெயக்கொடி கேட்டதற்கு, 'இதுக்கு மேல போனா உங்க காடு போயிரும்க்கா, வறுத்த வாசம்தான் மிஞ்சும்' என்றாள். உங்க காடு போயிரும். அந்தச் சொல் ராத்திரி முழுக்க அவள் காதிலேயே கிடந்தது. அப்புறம் சட்டம். ஒரே கொட்டையிலிருந்து ஐந்து தம்ளர் ஊற்றுவேன், ஐந்தும் ஒரே மாதிரி இருக்கணும், ஒன்று மாறினாலும் மூட்டையில் என்னவோ கலந்திருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் நான் எடுக்க முடியாது. ஐந்தும் ஒன்றாக இருந்தால் உள்ளறையில் அடுக்கியிருக்கிற ஏழு மூட்டையையும் எடுத்துக்கொள்வாள். வேறு எதோடும் சேர்க்காமல் தனியாக வறுத்து, இந்தக் காட்டின் பெயரைப் போட்டு விற்பாள். இல்லாவிட்டால் என்ன? இல்லாவிட்டால் அது கீழே ஏவாரி கொட்டகைக்குத்தான் போகணும், எல்லார் காப்பியோடும். அப்புறம் தண்ணீர் ஊற்றினதிலிருந்து நான் கரண்டியைக் கீழே வைக்கிறவரைக்கும் யாரும் பேசக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தலையில் பூ வேண்டாம், பவுடர் வேண்டாம், பாலும் சர்க்கரையும் வேண்டவே வேண்டாம் என்று அடுக்கினாள். பூ இல்லாத தலை காலையிலிருந்து ஜெயக்கொடிக்கு லேசாகவும் குளிராகவும் இருக்கிறது. சரி, எப்போது போட்டார்? காய்ந்த தூளை ரெபேக்கா ஒவ்வொரு தம்ளராக மோந்து பார்த்தாளே, அப்போது இல்லை. அதற்கப்புறம் தண்ணீர் வைக்க இரண்டு பேரும் அடுப்படிக்குப் போனோம். கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது என்று அவள் சூடு பார்க்கிற கம்பியை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம்தான். மனுஷன் இங்கே தனியாக நின்றார், ஐந்து தம்ளரும் அவரும். சட்டைப் பையில் கடைக்கு வாங்கின சிக்கரிப் பொட்டலம் எப்போதும் கிடக்கும்.

பாவி மனுஷன், என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாரே. மூன்று பன்னிரண்டு. இந்தப் போனில் நொடி இத்தனை மெதுவாகவா இறங்கும்? காலையில் அந்த வறுத்த கொட்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டு என்ன சொன்னார்? 'இதென்ன புள்ள, வறுத்ததா, வெயில்ல காயவச்சதா? நெலக்கடலைத் தோலாட்டம் இருக்கு.' பால் வேண்டாம் என்றதும் அவர் முகம் செத்துவிட்டது. ஐந்து மணிக்கே எழுந்து போய்க் கறந்த பாலை வாங்கி வந்திருந்தார். வீட்டுக்கு வந்தவளுக்குப் பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், வெளுத்துப்போன தண்ணியைக் கொடுத்து அனுப்புவதா என்று அடுப்படியில் வந்து பொருமினார். தம்ளரில் கறை பிடிக்காத டிக்காஷன் டிக்காஷனே இல்லை அவருக்கு. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது சத்தியம். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். நல்லது செய்கிறேன் என்று கையை விட்டுவிட்டு நிற்கிறவரை என்ன செய்வது? பழம் காயப்போடுகிற கம்பிவலைக் கட்டில் அத்தனைக்கும் கால் அடித்துக் கொடுத்தவரும் இவர்தானே. கிறுக்கு, கிறுக்கு என்று வைதுகொண்டே அடித்தார். பதினாலு கட்டில். மூடுபனி இறங்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடணும், மணிக்கொரு தரம் கிளறி விடணும், பழுத்த பழம் மட்டும், சிவந்த பழம் மட்டும்; கூலிக்கு வந்தவர்கள், 'இந்தக்கா காப்பி எடுக்கச் சொல்லுதா, பூப்பறிக்கச் சொல்லுதா' என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். போன வருஷம் ஏவாரி கொட்டகையில் அவள் தேடினதற்கும்தான் சிரித்தார்கள். தராசிலிருந்து இறக்கின மூட்டையை ஒருத்தன் தூக்கிப்போய்க் குவியலில் கவிழ்த்தான். ஆள் உயரக் குவியல். அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இவள் முதுகில் இருந்த காப்பி, இப்போது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இது நம்முடையதா, அதுவா? குனிந்து ஒரு கை அள்ளிக்கூடப் பார்த்தாள். 'என்னக்கா தேடுற, காப்பியில என்ன உன்னோடது, என்னோடது' என்று ஏவாரி சிரிக்க, கொட்டகையே சிரித்தது. அவளும்கூடச் சிரித்துவைத்தாள். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை, அவர்கள் சிரித்ததில்லை, இவள் சேர்ந்து சிரித்தது. பஸ் ஏறி மலை வருகிறவரைக்கும் நெஞ்சு எரிந்துகொண்டே வந்தது. இனிமேல் அந்தக் குவியலில் கொட்ட மாட்டேன். செத்தாலும் கொட்ட மாட்டேன்.

இரண்டு நாற்பது. தூளின் ஆடை லேசாக வெடித்து அதிலிருந்து வாசம் வருகிறது. புதுவெல்லம் மாதிரி, இல்லை, அதற்கு உள்ளே இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மாதிரி அதற்குப் பேர் சொல்ல அவளுக்குத் தெரியாது, ஆனால் எங்கே என்று தெரியும். காட்டின் உச்சியில், மூச்சு வாங்கி இரண்டு தரம் உட்கார்ந்து போகணுமே அந்த இடத்தில், கமலா ஆரஞ்சுக்கும் மலைவாழைக்கும் நடுவில், வெயில் பத்து மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிற சரிவில். கீழ்க்காட்டில் எல்லோரும் எடுத்து முடித்தபின் பதினைந்து நாள் கழித்துத்தான் அங்கே பழுக்கும். குளிரில் மெதுவாகப் பழுக்கிறதுக்குத்தான் ருசி என்று ரெபேக்கா சொல்கிறாள். ருசி. அந்த ருசியை நானே எப்போது பார்த்தேன்? கல்யாணமாகி வந்து இருபத்திநாலு வருஷம், கன்று நட்டு, கவாத்து வெட்டி, பழம் எடுத்து, அட்டைக்கடியெல்லாம் பட்டு, இந்தத் தை மாசம்வரைக்கும் என் காட்டுக் காப்பியை நான் தனியாகக் குடித்ததே இல்லையே. கடைத்தூள்தான் வீட்டுக்கும். தையில்தான், விடிகாலையில், இவர் கடைக்குப் போனபின்னால், இரும்புச் சட்டியில் ஒரு பிடியை லேசாக வறுத்து, இடித்து, கொதிநீர் ஊற்றிக் குடித்தாள். புளித்தது. பகீரென்றது அவளுக்கு. இதுவா? இதற்கா இத்தனை பாடு? காப்பி மாதிரியே இல்லையே, யார் இதைக் காசு கொடுத்துக் குடிப்பார்கள் என்று தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் அவள் என்ன செய்தாள்? சொல்லு ஜெயக்கொடி, இப்போது ஒளிக்காதே, மனசுக்குள்தானே. அலமாரியிலிருந்து சிக்கரி டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கரண்டி உள்ளே போய்விட்டது. இவருடைய கைக்கும் என் கைக்கும் என்ன வித்தியாசம், ஒரு கரண்டி வித்தியாசம். அந்த நேரம் பார்த்து மாடு கத்தியது, போய்க் கட்டுமாற்றிவிட்டு வந்தாள், வந்து பார்த்தால் தம்ளர் ஆறிப்போயிருந்தது. கொட்ட மனசில்லாமல் ஒரு மடக்குக் குடித்தாள். ஆறினபின்தான் அது வாயைத் திறந்தது. நாக்குக்குப் பின்னால் ஒரு இனிப்பு, வெகுநேரம் போகாத இனிப்பு. அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒற்றையாய்ச் சிரித்தாள் அன்றைக்கு. இவருக்கு ஆறவிட நேரமில்லை, அவ்வளவுதான். கடைக்காரர். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தே பழகினவர்.

ஒன்று ஐம்பது. ஐயோ, போய்க்கொண்டே இருக்கிறதே. இப்போது என்ன செய்யப் போகிறாய்? சும்மா இருந்தால் நாலாவது தம்ளரில் அவள் கரண்டியை விடுவாள், மாறியிருக்கு என்பாள், சாமானைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள், ஏழு மூட்டையும் குவியலுக்கு. முடியாது. அப்படியானால் தட்டிவிடு. முந்தானை பட்டு விழுந்த மாதிரி, முழங்கை இடித்த மாதிரி. ஐயையோ கை தவறிருச்சும்மா என்று துடைத்துவிட்டால் தீர்ந்தது. வறுத்த கொட்டை அந்த டப்பாவில் மீதி இருக்கிறது, வேறொரு தம்ளர் ஊற்றிவிடுவாள். இவர் மானமும் காப்பாற்றப்படும். எவ்வளவு லேசு! முழங்கைக்கும் தம்ளருக்கும் ஒரு சாண்தான். அவள் கை தன்னால் மேசைமேல் ஏறிவிட்டது, ரெபேக்கா நிமிர்ந்து பார்த்தாள், கை இறங்கிவிட்டது. ஏன் இறக்கினாய்? பயமா? பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. ஏழு மூட்டையிலும் வேறு கொட்டை ஒன்றுகூட இல்லை என்பதற்கு எழுத்தா இருக்கு, சீலா இருக்கு? சாட்சி என் வாய் ஒன்றுதான். அந்த வாயில் பொய்யைக் கலந்துவிட்டு மூட்டை சுத்தம் என்று எப்படிச் சொல்வது? அப்படியென்றால் சொல்லணும். என்னவென்று? என் புருஷன் கலப்படம் பண்ணிட்டாரும்மா என்றா? தம்ளரில் போட்டவர் மூட்டையில் போடாமலா இருந்திருப்பார் என்று கேட்டால்? நானாக இருந்தால் கேட்பேன். கேட்கத்தான் செய்வாள். குடும்பமே கலப்படக்காரங்க என்று சென்னை முழுக்கச் சொல்வாள், அது பஸ் ஏறி இங்கேயே திரும்பி வரும், காப்பிக்கடை முக்கில் நின்று அதையே பேசிக் காப்பி குடிப்பார்கள். ஒன்று பத்து. இத்தனை வருஷத்தில் மூன்றாம் மனுஷர் முன்னால் அவரை ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததில்லை. அவர் விட்டுக்கொடுப்பார், தாராளமாக. 'எங்க வீட்டம்மா காப்பிக்கொட்டைக்குத் தாலாட்டுப் பாடுறா' என்று கடையில் சொல்லிச் சிரிக்க வைப்பார், அது வேறு, அது கேலி. இது அப்படி இல்லை. இது ஆளை நிறுத்தி வைத்து உரிக்கிறது. அவர் இன்னும் கூரையைத்தான் பார்க்கிறார். கழுத்து வலிக்காதா? சலவைச் சட்டையின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. போய்ச் சரி பண்ணணும் போலிருக்கிறது, அதே கையால் ஒரு அறையும் விடணும் போலிருக்கிறது. ஐம்பது. நாற்பத்தெட்டு. மேலுதடு வேர்க்கிறது, இந்தக் குளிரில். சரி. விட்டுக்கொடுத்தால் அவருக்கு ஒரு நாள் முகம் தொங்கும். கொடுக்காவிட்டால் எனக்குக் காடு போகும். சொல்லிவிடு. இப்போதே சொல்லு, மணி அடித்தபின் சொன்னால் பிடிபட்டபின் சொன்ன மாதிரி ஆகிவிடும். முப்பத்தாறு.

"பாப்பா, நாலாவது தம்ளர்ல சிக்கரி கெடக்கு."

தன் குரல் இத்தனை சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. ரெபேக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் போட்டது. நாம உள்ள தண்ணி காயவைக்கப் போனப்போ. கொட்டையில ஒண்ணும் இல்லம்மா. தம்ளர்லதான்."

போன் அலறியது. ரெபேக்கா அதை அணைத்துவிட்டுக் குனிந்து நாலாவது தம்ளரை மோந்தாள். பிறகு தவமணியைப் பார்த்தாள். "ஏண்ணா?"

பின்னால் கட்டியிருந்த கை முன்னால் வந்தது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பழுப்பு. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது, இருந்தும் சொன்னதைத் திரும்ப வாங்க ஜெயக்கொடிக்குத் தோன்றவில்லை.

"அஞ்சுலயும் போடத்தாம்மா நெனச்சேன்," என்றார் தவமணி. "அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. அஞ்சுலயும் போட்டிருந்தா எல்லாம் ஒண்ணுபோல இருந்திருக்கும்."

"வாய மூடுங்க நீங்க!"

"இல்ல புள்ள, ஒன் காப்பி அப்படி வெளுத்துப்போய் அசலூர்க்காரங்க முன்னாடி நிக்கிறதப் பாக்க எனக்கு மனசு கேக்கல. அதான்."

ரெபேக்கா சிரிக்கவில்லை. ஜெயக்கொடி பயந்த கேள்வி வந்தேவிட்டது. "மூட்டையிலக்கா? மூட்டையில ஏதாவது?"

"வா," என்றாள் ஜெயக்கொடி. உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றாள். "ஏழையும் அவுத்துக் கொட்டு. முழங்கை வரைக்கும் கைய விடு, எந்த ஆழத்துலேருந்து வேணும்னாலும் எடு. இங்க வறுத்துப் பாரு, அங்க போய் வறுத்துப் பாரு, ஒவ்வொரு மூட்டையாப் பாரு. வேற காட்டுக் கொட்டை ஒண்ணு கெடைச்சாலும் திருப்பி அனுப்பு. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நான் அந்தப் பக்கமே போகலம்மா," என்றார் தவமணி நிலைப்படியிலிருந்து. "போனா வெளக்கமாத்தத் தூக்கிருவா."

ரெபேக்கா மூன்று மூட்டைகளை அவிழ்த்தாள். கையை ஆழமாக விட்டு அள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்து வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து, டப்பாவில் மீதியிருந்த கொட்டையை அரைத்து, நாலாவதுக்குப் பதிலாகப் புதிதாக ஒரு தம்ளர் ஊற்றினாள். மறுபடி நாலு நிமிஷம். இந்தத் தடவை தவமணி மேசைக்குப் பக்கத்தில் வந்து, இரண்டு கையும் நன்றாகத் தெரிகிற மாதிரி நீட்டி வைத்துக்கொண்டார். ஜெயக்கொடிக்கு உள்ளுக்குள் ஒரு சத்தமும் இல்லை. எடுக்காவிட்டால் எடுக்காமல் போகட்டும், வேறொருத்தர் வருவார், வராவிட்டால் தானே மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்க் கேட்பது என்று முடிவு பண்ணியிருந்தாள். குவியலுக்கு மட்டும் இல்லை. ரெபேக்கா தூளின் ஆடையை உடைத்தாள், வழித்தாள், ஆறவிட்டாள், ஒவ்வொன்றாகச் சர்ரென்று உறிஞ்சினாள், திரும்ப முதலிலிருந்து உறிஞ்சினாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அஞ்சும் ஒண்ணுதான்க்கா. ஏழையும் எடுத்துக்கறேன். ஒவ்வொரு மூட்டையையும் அங்க போய் மறுபடி பாப்பேன், அதுல மாத்தம் இல்ல."

"பாரு."

"அண்ணன் இதைக் குடிக்கணும்."

தவமணி தம்ளரைத் தூக்கி, அவள் செய்த மாதிரியே உறிஞ்சப்போய்ப் புரையேறி இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தார். வாயில் வைத்துக்கொண்டே நின்றார். கடையில் புதுத்தூள் வந்தால் அப்படித்தான் நிற்பார். விழுங்கினார்.

"எனக்குப் பிடிக்கல புள்ள," என்றார். "பொய் சொல்லி என்னத்துக்கு. ஆனா எத்தன ஊர்த் தூளக் கலக்கியிருக்கேன் நானு, இது அது எதுலயும் இல்ல. இது ஒரே எடத்துல வெளஞ்சது. அது தெரியுது."

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த ஜெயக்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பிடிக்க வேணாங்க," என்றாள். "தெரிஞ்சாப் போதும்."